கட்டற்ற மென்பொருள் மறுஆய்வில் நேர்மையும் நயமும்: தில்லி

திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி அனுப்பலாம். அதை ஏற்பது, திருத்தச் சொல்வது, மறுப்பது எல்லாம் ஊரறிய நடக்கும். குறையை மழுப்பாமல் சொல்வதா, எழுதியவர் மனம் நோகாமல் சொல்வதா என்ற இழுபறி இச்சமூகங்களில் தொடக்க காலம் முதல் உண்டு. தில்லியில் அது இரண்டு காரணங்களால் கூர்மையாகிறது. ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து புதிய பங்களிப்பாளர்கள் பெருந்திரளாக வருகிறார்கள். மத்திய அரசின் மென்பொருள் அமைப்புகள் பலவும் இங்கே இருக்கின்றன. முன்னவர்கள் மறுப்பைக் கேட்கப் பழகாதவர்கள். பின்னவை விமர்சனத்தைக் கேட்கப் பழகாதவை.

கடுஞ்சொல்லுக்குப் பெயர்போனது லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் திட்டம். 1991-இல் அதைத் தொடங்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ், மோசமான நிரலை அனுப்பியவர்களை வசைமொழியோடு திருப்பி அனுப்பியதுண்டு. மென்மையாகச் சொன்னால் மறுப்பு மறுப்பாகவே புரிவதில்லை என்பது அவர் தரப்பு. இன்டெல்லில் பணியாற்றிய சேஜ் ஷார்ப் 2013-இல் இதை வெளிப்படையாக எதிர்த்தார். 2015-இல் கெர்னல் பணியிலிருந்து விலகியதை அறிவித்தார். அதே 2015-இல் வந்த சுருக்கமான நடத்தைக் குறிப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை. 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். கோரலைன் அடா எம்கி 2014-இல் உருவாக்கிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ விதிகளைத் தழுவிய நடத்தை விதிகளைக் கெர்னல் திட்டம் ஏற்றது. கெர்னலின் 4.19 பதிப்பை டோர்வால்ட்ஸுக்குப் பதிலாக கிரெக் க்ரோ-ஹார்ட்மன் வெளியிட்டார். தரம் குறைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். அந்த அச்சம் மெய்யாகவில்லை. நிரல் மறுஆய்வு அங்கே இன்றும் கறாராகவே நடக்கிறது.

கிட்ஹப் நிறுவனம் 2017-இல் சுமார் 5,500 பேரிடம் நடத்திய ஆய்வில் 18 விழுக்காட்டினர் தாமே மோசமான நடத்தைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பிறருக்கு அப்படி நேர்ந்ததைப் பார்த்தவர்கள் 50 விழுக்காடு. ஆளானவர்கள், பார்த்தவர்கள் ஆகியோரில் 21 விழுக்காட்டினர் அதனால் ஏதோ ஒரு திட்டத்தை விட்டே விலகியிருந்தார்கள். ஒருவரைத் திட்டுவது பார்த்துக்கொண்டிருப்பவரையும் வெளியேற்றுகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

தில்லியில் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பயனர் குழுக்களால் வளர்ந்தது. 2000-களில் வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் ‘சராய்’ திட்டம், ராஜ்பூர் சாலையிலிருந்து, இந்தி இடைமுக மொழியாக்கத்துக்குத் துணைநின்றது. 2005-இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட், பெண்களுக்கான திட்டமாக க்னோம் சமூகத்தில் தோன்றிப் பின்னர் அவுட்ரீச்சி என விரிந்த பயிற்சித் திட்டம் ஆகியவை வந்தபின் மாணவர்களே முதன்மைப் பங்களிப்பாளர்கள் ஆனார்கள்.

இங்குள்ள சிக்கல் வசைமொழியைவிடப் பணிவிலிருந்தே அதிகம் பிறக்கிறது. வகுப்பறையில் ஆசிரியரை மறுத்துப் பேசிப் பழகாத மாணவர், வரும் நிரலை ஏற்பதா மறுப்பதா என முடிவெடுக்கும், எங்கோ இருக்கும் பராமரிப்பாளரையும் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்றே அழைக்கிறார். ஐயத்தைப் பொதுவில் கேட்டால் அவர் நேரத்தை வீணாக்கியது போலாகுமோ, தன் அறியாமை எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று தனிச்செய்தி அனுப்புகிறார். பொதுத்தடத்தில் கேளுங்கள் என்று பெரும்பாலான திட்டங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் எளியது: தனியே தந்த விடை ஒருவருக்கு உதவும், பொதுவில் தந்த விடை அடுத்த ஆண்டு வருபவருக்கும் உதவும். மறுபக்கத்தில், ‘இது வேண்டாம்’ என்ற ஒற்றை வரி மறுப்பை மாணவர் தன்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியை எழுதியவருக்கு அன்று பார்க்க வேண்டிய கோரிக்கை இன்னும் பல இருந்திருக்கலாம். மறுப்போடு அதன் காரணத்தையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

பராமரிப்பாளர்கள் பொறுமை இழப்பதற்கும் நியாயம் உண்டு. 2020 அக்டோபரில், திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் இலவச டி-சர்ட்டுக்காகப் பொருளற்ற திருத்தங்கள் உலகெங்கும் குவிந்தன. யூடியூப் பாடங்களைப் பார்த்துச் செய்த இந்திய மாணவர்களின் பங்கு அதில் கணிசம். சில நாட்களிலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களில் செய்யும் பங்களிப்பு மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வை நடத்திய டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் விதியை மாற்றியது. பின்னாளில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற திறந்த மூலத் திட்டத்துக்கும் இதே தொல்லை நேர்ந்தது. அப்போது எழுந்த கோபம் எல்லை மீறி இந்தியர்கள் எல்லோர்மீதும் பாய்ந்தது தவறு. குப்பையைக் குப்பை என்று சொல்லலாம். அனுப்பியவரின் நாட்டை இழுக்க வேண்டியதில்லை.

தில்லி தந்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஆரோக்கிய சேது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இந்தக் கொரோனாத் தொடர்பறியும் செயலி 2020 ஏப்ரல் 2 அன்று வெளியானது. அதன் மூலநிரல் அப்போது வெளியிடப்படவில்லை. செயலியைப் பிரித்து ஆராய்வதையும் பயன்பாட்டு விதிமுறைகள் தடை செய்தன. மே 5 அன்று ‘எலியட் ஆல்டர்சன்’ என்ற புனைபெயரில் அறியப்படும் பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆய்வாளர், ஒன்பது கோடி இந்தியர்களின் அந்தரங்கம் ஆபத்தில் உள்ளது என்றும் தம்மைத் தனியே தொடர்புகொள்ளுமாறும் ட்விட்டரில் அறிவித்தார். ஒரு மணி நேரத்துக்குள் அரசு அமைப்புகள் அவரைத் தொடர்புகொண்டன. எந்தப் பயனரின் தகவலுக்கும் ஆபத்து இருப்பதாக நிறுவப்படவில்லை என்று அரசு மறுத்தது. அதே அறிக்கையில் அவருக்கு நன்றியும் சொன்னது. மறுநாள் அவர் விவரங்களை வெளியிட்டார். இருப்பிடத்தையும் சுற்றளவையும் மாற்றிக் கொடுத்து, பிரதமர் அலுவலகம் போன்ற இடங்களில் எத்தனை பேர் உடல்நலமின்றி இருக்கிறார்கள் என்று அறிய முடிந்ததாக அவர் காட்டினார். சுற்றளவு ஐந்து அளவுகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது, அத்தகவல் பயனர்களுக்கு ஏற்கெனவே கிடைப்பதுதான் என்பது அரசின் விளக்கம்.

அந்த ஆய்வாளர் தம் முதல் அறிவிப்பின் முடிவில், செயலியை விமர்சித்திருந்த காங்கிரஸ் கட்சியின் ராகுல் காந்தி சொன்னது சரி என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரி தொழில்நுட்பக் கேள்வியைக் கட்சிச் சண்டைக்குள் கொண்டுபோனது. முறைப்படி தனியே தொடர்பு கேட்டதும் ஆதாரத்தை வெளியிட்டதும் அவருடைய நேர்மை. அந்த வரி அதற்கு வலுச் சேர்க்கவில்லை, எதிர்த்தரப்புக்குச் சாக்கையே தந்தது.

இணையச் சுதந்திர அறக்கட்டளை உள்ளிட்ட தில்லி அமைப்புகளும் நிரலைத் திறக்கக் கோரின. மே 26 அன்று ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரல் கிட்ஹப்பில் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பரிசும் அறிவிக்கப்பட்டது. விமர்சகரைப் பங்களிப்பாளராக மாற்றும் நல்ல நகர்வு இது. ஆனால் சர்வர் பக்க நிரல் அன்று வெளிவரவில்லை. செயலி அனுப்பும் தகவல் எப்படிக் கையாளப்படுகிறது என்பது அந்த நிரலில்தான் இருந்தது. அது 2020 நவம்பரில்தான் அரசின் ஓப்பன்ஃபோர்ஜ் தளத்தில் வந்தது.

நன்றியறிவிப்பும் பரிசும் நயத்தின் அடையாளங்கள்தாம். கேட்ட கேள்விக்கு நிரலை முன்வைத்து விடை சொல்வதே நேர்மை. ஐந்தே வார்த்தை மறுப்பு முரட்டுத்தனமாகத் தோன்றலாம். விடையின்றி மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் கேள்வி அதைவிடப் பெரிய அவமதிப்பு.

இதே கேள்வி நேரடி மாநாடுகளிலும் எழுகிறது. பைத்தான் நிரல்மொழிக்கான பைகான் இந்தியா மாநாடு 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளும் தில்லியில் நடந்தது. இத்தகைய மாநாடுகளின் நடத்தை விதிகள் தொந்தரவைத் தடுக்கின்றன, விமர்சனத்தைத் தடுப்பதில்லை. விதிகளைக் காட்டிக் கருத்து மாறுபாட்டை அடக்குவது விதிகளைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

2015-இல் இந்திய அரசு திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை அறிவித்தது. கொள்கை நிரலைத் திறக்க வழி செய்யும். வரும் குறைகளுக்குப் பொதுவில் விடை எழுதும் பொறியாளர்களையும் அதற்கான நேரத்தையும் துறைகள்தான் ஒதுக்க வேண்டும்.