உயிர் காலேஜும் இகுவானா கூண்டும்

பழைய சென்னைவாசிகளுக்குச் "செத்த காலேஜ்" என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். "உயிர் காலேஜ்" என்றால் மிருகக்காட்சி சாலை. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து மக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த இடங்கள் இவை. இந்த இரண்டு காலேஜும் முதலில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது.

1855-ல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். அவர் கர்நாடக நவாப்பிடம் பேசி, நவாப் வைத்திருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கினார். கூட்டம் அலைமோதியது! ஒரே வருடத்தில் விலங்குகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. 1861-ல் மாநகர நிர்வாகம் பொறுப்பேற்று, சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு அவற்றைக் கொண்டு போனது.

அங்கேயும் இடம் நிலைக்கவில்லை. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டு அரங்கம் என்று ஒவ்வொன்றாகப் பூங்கா நிலத்தில் எழும்பின. சுற்றிலும் ரயில் சத்தம், பஸ் சத்தம். நடுவில் கம்பிக் கூண்டுகள். கடைசியில் வண்டலூர்க் காட்டில் புதிய இடம் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலை 24-ல் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். இன்று அதன் பரப்பு சுமார் 602 ஹெக்டேர்.

கூண்டு என்பது பார்ப்பவரின் வசதிக்கா, உள்ளே இருக்கும் உயிருக்கா? இந்தக் கேள்வி உலகம் முழுவதும் எழுந்தது. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் ஹாம்பர்க் அருகே கம்பிகளுக்குப் பதில் அகழி வெட்டிய திறந்தவெளி விலங்குப் பூங்காவைத் தொடங்கினார். இந்தியாவில் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கு ஓரளவு நடமாட முடியாதபடி நீளமோ அகலமோ உயரமோ போதாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்றது. இது மிருகக்காட்சி சாலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் பொருந்தும்.

இப்போது வீடுகளில் வளர்க்கப்படும் பச்சை இகுவானாவை எடுத்துக்கொள்வோம். இது நம் ஊர் உடும்பு அல்ல. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது ஒரு மீன் தொட்டியே போதும் என்று தோன்றும். ஆனால் நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5 அடி, 6 அடி வரும்! மரம் ஏறும் பிராணி என்பதால் நீளத்தைப் போலவே உயரமும் முக்கியம். வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்தது 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் வேண்டும் என்பது வளர்ப்போர் பலரும் சொல்லும் கணக்கு.

இவ்வளவு இடம் எதற்கு? இகுவானாவால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அது நகர்ந்து நகர்ந்து சமாளிக்கும். சிறிய பெட்டியில் எல்லா இடமும் ஒரே சூடு. கண்ணாடி வழியாக வரும் வெயிலும் பயன்படாது. புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் உடலில் வைட்டமின் டி குறைந்து எலும்பு வளையத் தொடங்கும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும், இகுவானா போன்ற பட்டியலிட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன.

விலங்குகளுக்குத் தேவையான இடத்தைக் கொடுக்கச் சென்னைக்கு 130 வருடங்கள் பிடித்தன. இகுவானா குட்டி முழுதாக வளர அத்தனை காலம் ஆகாது. சில வருடங்களே போதும். ஆகவே குட்டியின் விலையைக் கேட்பதற்கு முன், வீட்டில் ஒரு பீரோவைவிடப் பெரிய இடம் அதற்கு ஒதுக்க முடியுமா என்று அளந்து பார்ப்பது நல்லது. முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் உதவி.