ஜீப்பின் தரையில் ஒரு ஓட்டை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ டவுனில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் பக்கத்து பிளாக் தாதா (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம்மூர் 'தாதா' இல்லை, பயப்படாதீர்கள் :-)) தன் ஜீப்பின் ரப்பர் மேட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே தரை இல்லை. சிமெண்ட் தெரிந்தது. ஓரங்களில் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

தாதா டார்ஜிலிங் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி 1968 மாடல் மஹிந்திரா, பெட்ரோல். வெளிநாட்டில் இருக்கும் மகன் "எடைக்குப் போட்டுடுங்க பாபா" என்கிறான். இவருக்கோ பூஜைக்கு வரும் பேத்தியை அதில் உட்கார வைத்து ஒரு சுற்று வரவேண்டும். "நீ பேங்க்காரன், கணக்கு போட்டுச் சொல்லு" என்று என்னிடம் வந்தார். நான் பி.காம். பற்று வரவு தெரியும், பற்றவைப்பு தெரியாது. ஆனால் அந்த ஓட்டையை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் கொஞ்சம் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டி ஏன் தரையில் துரு பிடிக்கிறது? 1940ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்கவேண்டும், எடை மிகக் குறைவாக இருக்கவேண்டும். பேண்டம் என்ற சின்னக் கம்பெனி அந்த ஆண்டு செப்டம்பரில் கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. எடை குறையவேண்டும் என்றால் தகடு மெலிசாக இருக்கவேண்டும். மெலிசான தகடு வளையாமல் இருக்க அடியில் தொப்பி வடிவத்தில் பட்டைகள் வைத்துப் பற்றவைத்தார்கள். சில இடங்களில் அந்தப் பட்டைக்குள் மரக்கட்டையையும் திணித்தார்கள். தண்ணீர் உள்ளே போகும், மரம் குடித்துக்கொள்ளும், வெளியே விடாது. அப்புறம் தகடு உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லமுடியாது. போர்க்களத்தில் ஒரு வண்டி எத்தனை நாள் இருக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கில் மாதங்கள்தான் இருந்திருக்கும். பேத்தியை ஏற்றிக்கொண்டு பூஜை பார்க்கப் போவது அந்தக் கணக்கில் கிடையாது.

அந்த ஜீப்புகள் கல்கத்தாவுக்கு ஏராளமாக வந்தன. பர்மா போர்முனைக்கும் சீனாவுக்கும் போகும் சரக்குக்கு இந்தத் துறைமுகம்தான் வாசல். அஸ்ஸாமில் லேடோவிலிருந்து சீனாவின் குன்மிங் வரை சுமார் 1,700 கிலோமீட்டர் பாதை போட்டு 1945 ஜனவரியில் முதல் வண்டி வரிசையை அனுப்பினார்கள். போர் முடிந்ததும் மிச்சமான வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. இங்கிருந்து 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பானாகரில் போர்க்காலத்தில் அமெரிக்க விமானத்தளம் இருந்தது. பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் ஊர் என்று ஜி.டி. ரோட்டில் அந்தப் பானாகருக்குத்தான் பேர். நகரத்துக்குள் என்றால் மல்லிக் பஜார். சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமானால், நம்ம புதுப்பேட்டை.

பழைய ஜீப் என்றாலே சுதந்திர இந்தியாவுக்கு ஒரு தலைவலியும் உண்டு. 1948ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன், ராணுவத்துக்காகப் பழுது பார்த்த ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155. அவையும் உபயோகப்படும் நிலையில் இல்லை என்று பார்லிமெண்டில் பெரிய ரகளை. 1955 செப்டம்பர் 30ல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், விஷயம் முடிந்தது என்று அறிவித்தார். சரக்கைச் சரியாகச் சோதிக்கும் முன்பே பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது ஏன் என்பது அன்றைய கேள்விகளில் ஒன்று. பேங்க்காரனாக எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் வண்டி வாங்கக்கூடாது.

அதே சமயத்தில் பம்பாயில் மஹிந்திரா சகோதரர்கள் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துக் கூட்ட ஆரம்பித்தார்கள். 1945ல் அந்தக் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948ல் அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1952 அக்டோபர் 2ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியபின், கிராமத்துக்கு அரசாங்கம் என்றால் ஜீப் என்று ஆயிற்று. அம்மை குத்துபவர், விதை நெல் கொண்டுவருபவர், ஓட்டுப்பெட்டி, எல்லாம் அதில்தான் வரும். எங்கள் பக்கம் 'யூனியன் ஜீப்' என்போம்.

அப்பா யூனியன் ஆபீசில் கிளார்க். ஊர் பெயர் வேண்டாம். ஆறேழு வயதில் ஒருநாள் என்னை அந்த ஜீப்பில் பின்னால் ஏற்றினார்கள். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "தம்பி, மேட்டு மேல கால வைக்காதே" என்றார். நான் வைக்கத்தான் செய்தேன். மேட் அமுங்கியது, செருப்பு ஒன்று போய்விட்டது. கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கவில்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்புக்காகத் திட்டினாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. போன வாரம் போனில் கேட்டேன், "ஏம்பா அதைச் சரி பண்ணலை?" என்று. "ஒவ்வொரு வருஷமும் பண்ணினதா பில்லு இருக்குடா. மேல தகடு வெச்சு பட்டி தடவி பெயிண்ட் அடிப்பாங்க. மழை வந்தா திரும்ப போயிடும்" என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு 'எவர்கிரீனிங்' என்று பேர். வராத கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து, கணக்கு நன்றாக இருப்பதாகக் காட்டுவது. துரு மேல் பட்டி தடவுவதும் அதேதான்.

தாதாவிடமும் முதலில் வந்தவர் அதைத்தான் சொன்னார். குறைந்த செலவு, ஒரே நாள் வேலை. இரண்டாவதாக வந்த மிஸ்திரி வயதானவர். சின்னச் சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்', கெட்ட இடத்தில் 'டொப்'. 'டங்' கேட்ட இடம்வரை சாக்பீஸால் கோடு போட்டார். ஓட்டை உள்ளங்கை அளவு, கோடு போட்டதோ பாதித் தரை! "இதுவரை வெட்டணும். கெட்டதோட நல்லதை ஒட்டினா நிக்காது" என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குத் தெரியாத விஷயம். பெட்ரோல் டேங்கைக் கழற்றினார். இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அதைக் கழற்றாமல் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகு பேட்டரி வயரை எடுத்தார். அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துப் புதுத் தகடு வெட்டி, வரிவரியாக மடித்தார் (மடிப்புதான் தகட்டுக்குப் பலம்). ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டு போனால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளுமாம். அதனால் இங்கே ஒரு பொட்டு, எதிரே ஒரு பொட்டு. அடியில் அரித்த பட்டைகளையும் மாற்றினார். சீட் போல்ட் இறங்குவது அங்கேதான். அது போனால் பேத்தி உட்காரும் சீட்டே போகும். கடைசியில் ரெட் ஆக்சைடு, அடியில் தார். தண்ணீர் வடியும் துளையை மட்டும் அடைக்கவில்லை. "தண்ணி உள்ளே வரும். வெளியே போக வழி வேணும்" என்றார். இரும்புக்குத் தண்ணீர் வந்து போவதைவிட வந்து தங்குவதுதான் எமன். கல்கத்தா ஈரத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

தாதா ஒரு கேள்வி கேட்டார். "அப்போ சந்தக்பூ லேண்ட் ரோவர் எல்லாம் எப்படி நிக்குது?" டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்பூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் பல்லாண்டுகளாக ஆள் ஏற்றிப் போயிருக்கின்றன. தோட்டத் துரைகள் விட்டுப்போனவை என்பார்கள். 1948ல் அந்த வண்டி வந்தபோது இங்கிலாந்தில் இரும்புத் தகடுக்கு ரேஷன், விமானம் செய்த அலுமினியம் மிச்சம். அதனால் உடம்பு அலுமினியம். ஆனால் சட்டமும் முன்பக்கம் கால் வைக்கும் குழியும் இரும்புதான். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அங்கே அலுமினியமே அரிக்கும். ஆக அங்கேயும் வெட்டி ஒட்டித்தான் ஓட்டியிருக்கிறார்கள். பலவற்றில் எஞ்சின்கூட இந்திய டீசல் எஞ்சின்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மிஸ்திரியின் கூலி, வண்டி எடைக்குப் போனால் கிடைப்பதைவிட அதிகம். காகிதத்தில் இது நஷ்டம், தாதாவிடம் அப்படியேதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஜீப்பைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடச் செய்த வண்டியை ஐம்பது அறுபது வருஷம் ஓடவைத்த மல்லிக் பஜார், புதுப்பேட்டை கைகளின் பெயர் எங்கேயும் இல்லை.

வேலை முடிந்த அன்று தாதா என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். மேட் போடவில்லை. சிவப்பு பெயிண்ட் தரை அப்படியே தெரிந்தது. கால் வைக்குமுன் ஒரு வினாடி தயங்கினேன். பிறகு இரண்டு காலையும் நன்றாக ஊன்றினேன்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "செருப்பு பத்திரமா இருக்கா?"