நடுக்களத்தின் இருவர்

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்பொழுது பெரும்பாலும் நாம் கோல் அடித்தவரைப் புகழ்கிறோம். அடுத்தபடியாகக் கோலைக் காத்தவரைப் பாராட்டுகிறோம். இவ்விருவருக்கும் இடையே, களத்தின் நடுப்பகுதியில் ஓயாது ஓடி உழைப்பவர்களை மறந்துவிடுகிறோம். ஒரு குழுவின் வெற்றி தோல்வியைப் பல வேளைகளில் தீர்மானிப்பவர்கள் இந்த நடுக்கள வீரர்களே. அவர்களுள் எவ்வகையினர் சிறந்தவர் என்ற வாதம் கல்கத்தா மைதானத்திலும், பம்பாயின் கூப்பரேஜ் அரங்கிலும், டில்லியில் டுராண்ட் கோப்பை ஆட்டங்களைக் காணக் கூடிய கூட்டத்திலும் எழாமல் இருந்திராது. வரலாற்றின் துணைகொண்டு அவ்வாதத்தைச் சிறிது ஆராய்வோம்.

பழைய ஆட்ட முறையில் பின்வரிசையில் இருவரும், நடுவே மூவரும், முன்வரிசையில் ஐவரும் நிற்பது வழக்கம். நடு மூவருள் மையத்தில் நின்றவர் சென்டர்-ஹாஃப். எதிரியைத் தடுப்பதும் அவர் வேலை. தம் குழுவின் தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் அவர் வேலை. 1925-ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. அதுவரை, பந்தைப் பெறுபவருக்கும் கோல் எல்லைக் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். அதன் பின் இருவர் இருந்தால் போதுமென்றாயிற்று. முன்வரிசையினருக்கு இதனால் வழி எளிதாயிற்று, கோல்கள் பெருகின. இதற்கு மாற்றாக, ஹெர்பர்ட் சாப்மன் பயிற்றுவித்த ஆர்சனல் போன்ற குழுக்கள் சென்டர்-ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தின. ஒருவர் தாங்கிய இரட்டைச் சுமை இவ்வாறு இறக்கப்பட்டது. அதனை எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்பதே பின்வந்த பயிற்சியாளர்களின் முக்கியக் கேள்விகளுள் ஒன்றாயிற்று.

இக்கேள்விக்கு ஹங்கேரி நாடு அளித்த விடை 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் வெளிப்பட்டது. அன்று இங்கிலாந்தை ஹங்கேரி ஆறுக்கு மூன்று என்ற கோல் கணக்கில் வென்றது. ஹங்கேரியின் ஹாஃப்-பாக் இருவருள் போஜிக் பந்தைத் தம் காலடியில் நிறுத்தி, களம் முழுவதையும் நோட்டமிட்டு, வேண்டிய இடத்திற்கு அனுப்புவதில் வல்லவர். அன்று ஒரு கோலையும் அவர் அடித்தார். மற்றவரான ஜக்காரியாஸ் பின்வரிசையை ஒட்டியே நின்று, போஜிக் முன்னேறுகையில் வெறுமையாகும் இடத்தைக் காத்தார். போஜிக்கின் பெயரை உலகம் இன்றும் சொல்லுகிறது. ஜக்காரியாஸின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும் பின்னவர் அங்கே நின்றமையாலன்றோ முன்னவர் அத்துணைத் துணிவுடன் முன்செல்ல இயன்றது!

1958-ஆம் ஆண்டு சுவீடனில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் பிரேசில் நாட்டினர் நான்கு, இரண்டு, நான்கு என்னும் அணிவகுப்பில் ஆடினர். நடுக்களத்தில் இருவர் மட்டுமே. அவருள் ஒருவரான டிடி, அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இறுதியாட்டத்தில் சுவீடன் முதல் கோலை அடித்ததும், வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு மைய வட்டத்தை நோக்கி அவர் அமைதியாக நடந்து வந்த காட்சியைப் பலரும் எழுதியுள்ளனர். பிரேசில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது.

மற்றவர் ஜிட்டோ. இங்கிலாந்துடன் கோலின்றிச் சமனில் முடிந்த ஆட்டத்திற்குப் பின், சோவியத் அணியை எதிர்க்கும் ஆட்டத்தில் பிரேசில் மூன்று மாற்றங்களைச் செய்தது. பதினேழு வயதுப் பெலேயும், காரிஞ்சாவும், ஜிட்டோவும் உட்புகுந்தனர். முதல் இருவரின் வரவை உலகம் கொண்டாடியது. மூன்றாமவரின் வரவு அத்துணைப் பேசப்படவில்லை. எனினும் அவர் வந்த பின்னரே டிடிக்குத் தக்க துணை வாய்த்தது.

இவ்விரு வகையினரின் ஆற்றல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். டிடி, போஜிக் போன்றோருக்கு வேண்டியது பார்வை. பந்து வருமுன்னரே யார் எங்கே ஓடுவார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்; ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிதல் வேண்டும். ஜிட்டோ, ஜக்காரியாஸ் போன்றோருக்கு வேண்டியது முன்னறிவும் பொறுமையும். எதிரியின் பந்து செல்லும் வழியை ஊகித்து மறித்தல், மறித்த பந்தைத் தாமே கொண்டு செல்ல ஆசைப்படாது அருகிலுள்ள தோழருக்கு அளித்தல் ஆகியவை அவர்தம் தொழில். முதல் வகையினர் இருவரை ஒருங்கே நிறுத்தினால் பின்புறம் திறந்து கிடக்கும். இரண்டாம் வகையினர் இருவரை நிறுத்தினால் முன்வரிசைக்குப் பந்து கிட்டாது. ஆதலின் எவர் சிறந்தவர் என்று கேட்பதைக் காட்டிலும், எவர் எவருடைய குறையை நிரப்புகிறார் என்று கேட்பதே பொருந்தும்.

இப்பங்கீடு மாற்றவொண்ணாத சட்டமும் அன்று. 1962-ஆம் ஆண்டு சிலியில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் செக்கோஸ்லவாக்கியாவுக்காக முதல் கோலை அடித்தவர் அதன் நடுக்கள வீரர் மசோபுஸ்ட். பிரேசில் சமன் செய்த பிறகு, இரண்டாம் கோலை அடித்து அதனை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர், காவலுக்கென்றே கருதப்பட்ட ஜிட்டோ! மசோபுஸ்ட்டுக்கு அவ்வாண்டின் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது.

அதே 1962-ஆம் ஆண்டு நம் நாட்டுக்கும் பெருமை தந்த ஆண்டாகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியரான சையத் அப்துல் ரஹீம் அப்போது இந்தியக் குழுவின் பயிற்சியாளர். உலக அரங்கில் தோன்றிய புதிய முறைகளைக் கூர்ந்து பயின்றவர் அவர். ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் குழு தென்கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோற்றது. பின்னர்த் தாய்லாந்தையும், ஜப்பானையும், அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்று, செப்டம்பர் 4 அன்று அதே தென்கொரியாவை இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தது.

இஸ்ரேலும் தைவானும் அப்போட்டியில் விலக்கப்பட்டதை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தமையால், அரங்கத்தினர் நம் குழுவுக்கு எதிராகவே குரலெழுப்பினர். அச்சூழலில் முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். கொரியா ஆட்டம் முடியும் தறுவாயிலேதான் ஒரு கோலைத் திருப்ப முடிந்தது. இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அம்முன்னிலையைக் காத்த பெரும்பணியில், நடுக்களத்தில் நின்ற ஃபிராங்கோவுக்கும் பிரசாந்த சின்ஹாவுக்கும் முக்கியப் பங்குண்டு. ஆயினும் இரண்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஹாங்ஜோ போட்டி வரையிலும் இந்தியா அப்பொற்பதக்கத்தை மீண்டும் பெறவில்லை என்பதை எண்ணும்பொழுது, அவ்விருவரை நாம் மறந்தது சிறு பிழையன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அக்குழு மற்றொரு வகையிலும் நெருக்கமானது. ஃபிராங்கோ கோவாவில் பிறந்து பம்பாயில் டாடா குழுவுக்கு ஆடியவர். இடப்புற முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவில் புகழ் பெற்றவர். கோலைக் காத்த பீட்டர் தங்கராஜ், 1955-இல் டுராண்ட் கோப்பையை வென்ற மதராஸ் படைப்பிரிவு மையத்தின் குழுவில் ஆடியவர். பிறந்த ஊரை விட்டுச் சென்று, சென்ற இடத்தில் தமக்குரிய பணியைச் செய்தோர் பலர் சேர்ந்ததே அக்குழு.

இனி ஓர் ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு நேயர்களுக்குக் கிட்டும்பொழுது, பந்தின் பின்னாலேயே கண்களைச் செலுத்தாமல், பத்து நிமிட நேரம் நடுக்கள வீரர் ஒருவரை மட்டும் தொடர்ந்து நோக்குமாறு வேண்டுகிறோம். பந்து தம்மிடம் இல்லாத வேளையில் அவர் எங்கே நிற்கிறார், எதற்காக நகர்கிறார் என்பதைக் கவனியுங்கள். கோல் எங்கிருந்து தொடங்கியது என்பது அப்போது தெரியும்.