இலவசக் கல்வியும் பெற்றோரின் தெரிவும்: கொஞ்சம் வரலாறு பார்ப்போம்



முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல என்று எங்கு போனாலும் ஒரே பேச்சுத்தான். "அரசாங்கப் பாடசாலையா, இன்டர்நெஷனலா?" ஆசிரியர்களாகிய எம்மிடமும் பெற்றோர் இதைத்தான் கேட்கிறார்கள். காசு கட்டினால்தான் கவனித்துப் படிப்பிப்பார்கள் என்கிறார்கள் சிலர். இலவசக் கல்வியை நாமே கைவிட்டால் நாளை ஏழைப் பிள்ளை எங்கே போகும் என்கிறார்கள் வேறு சிலர். இது இன்று நேற்று வந்த விவாதமல்ல, எண்பது வருடப் பழசு. அதில் எமது சமூகத்தவர்களும் நடுவிலேயே நின்றிருக்கிறார்கள். ஆகவே முடிவெடுக்க முன் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம்.

📌 ஈமானா, உத்தியோகமா?

பிரித்தானியர் காலத்தில் தாய்மொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு. நல்ல உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். பெயர்பெற்ற ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. அங்கே அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று பயந்து எமது மூதாதையர் பலர் ஒதுங்கி நின்றார்கள். ஏழைக்குக் காசு இல்லை, காசு இருந்தவருக்கோ பயம். அன்றைய "பெற்றோரின் தெரிவு" இவ்வளவுதான்.

இதை உடைக்க முன்வந்தவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வி கல்வி என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1892இல் மருதானையில் உருவான பாடசாலைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. அதுதான் பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. 1921 முதல் 1948 வரை அதன் அதிபராக இருந்த ரீ.பி. ஜாயா காலத்தில் கம்பளை, அளுத்கம, புத்தளம், மாத்தளை என்று ஸாஹிராவுக்குக் கிளைகள் விரிந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். இவற்றை அரசாங்கம் கட்டித் தரவில்லை. சமூகம் தன் கையால் கட்டியது. ஆகவே "தனியார்" என்ற சொல்லை எடுத்த எடுப்பில் திட்டுவதற்கு எமது வரலாறு இடம் தராது.

📌 1945: கட்டணம் போனது

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவருடைய தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்ற திட்டம் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக 54 மத்திய கல்லூரிகள் உருவாகின. இன்று நாம் பிள்ளைகளைப் போட்டு வருத்தும் புலமைப்பரிசில் பரீட்சைகூட, கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை அந்தக் கல்லூரிகளுக்குள் கொண்டுவர வந்த ஒன்றுதான்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. "கட்டணம் செலுத்த வசதியுள்ளவர் செலுத்தட்டுமே, அதை ஏன் தடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். கடைசியில் பாடசாலைகளிடமே தெரிவு விடப்பட்டது. இலவசத் திட்டத்தில் சேர்ந்தால் அரசாங்கம் சம்பளம் கொடுக்கும். சேராவிட்டால் கட்டணம் அறவிடலாம், உதவிப் பணம் கிடைக்காது. இதற்கு 1951 வரை அவகாசம் நீண்டது. கண்டி திரித்துவக் கல்லூரி போன்ற சில தனியாராகவே நின்றன. பெரும்பாலானவை உள்ளே வந்தன.

📌 1960: "பிள்ளை யாருடையது?"

அடுத்த பெரிய சண்டை 1960இல். மத நிறுவனங்கள் நடத்திய உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த கலாநிதி பதியுதீன் மஹ்மூத்.

கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் அங்கேயே தங்கி எதிர்த்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமரசம் பேசிய பிறகே அது ஓய்ந்தது. அவர்களுடைய வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்பதைத் தெரிவு செய்யும் முதல் உரிமை பெற்றோருக்கு என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 26ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அதே உறுப்புரைதான் ஆரம்பக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அன்று ஒரு தரப்பு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டது, மறு தரப்பு மறு பாதியை.

எமது மாவட்டத்துத் தோட்டங்களையும் மறக்கக் கூடாது. அங்கே பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தெரிவு என்று ஒன்று இருக்கவே இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன.

📌 இன்டர்நெஷனல் எப்படி வந்தது?

1961இன் சட்டப்படி 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது. ஆனால் 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தார்கள். அதாவது ஊரில் நாம் பாடசாலை என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பனி. அரசாங்கப் பாடசாலைக்கு வருவதுபோல வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரும் அங்கே மேற்பார்வைக்கு வருவதில்லை. நன்றாக நடப்பவையும் உண்டு. ஆனால் நன்றாக நடக்கிறதா என்று பார்க்கும் வேலை முழுக்கப் பெற்றோர் தலையில்தான்.

📌 இனி நாம் என்ன செய்வது?

போகும் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையை விட யாருக்கு மனம் வரும்? "இலவசம்" என்று சொல்லிவிட்டு வசதிக் கட்டணம், பிரத்தியேக வகுப்பு என்று செலவாவதும் உண்மைதான்.

ஆனால் வசதியுள்ள பத்துக் குடும்பம் போகும்போது பத்துப் பிள்ளைகள் மட்டும் போவதில்லை. ஆசிரியர் வெற்றிடத்துக்காக வலயத்துக்கு ஏறி இறங்கும் பத்துத் தகப்பன்மாரும் போகிறார்கள். மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறையும். பிறகு மூடும் பேச்சு வரும். மூடினால் முதலில் வீட்டில் நிற்பது பஸ்ஸுக்குக் காசில்லாத வீட்டுப் பெண்பிள்ளை. சித்திலெப்பை எந்த நிலையை மாற்றப் பாடுபட்டாரோ, அதே நிலை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள்.

1️⃣ தனியாரைத் தெரிவு செய்பவர்கள் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களின் தகைமை என்ன? எந்தப் பாடத்திட்டம், எந்தப் பரீட்சை? நடுவில் கட்டணம் கட்ட முடியாமல் போனால் தமிழ் மொழிமூல வகுப்புக்குப் பிள்ளை திரும்பி வர முடியுமா?

2️⃣ அரசாங்கப் பாடசாலையில் இருப்பவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அதிபரிடம் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர்களும் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அதன் பலம் வேறு.

பக்கத்துப் பாடசாலை நன்றாக இருந்தால்தான் பெற்றோருக்கு உண்மையான தெரிவு இருக்கிறது. இல்லாவிட்டால் தெரிவு செய்வது எமது சட்டைப் பைதான்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. உங்கள் ஊர்ப் பாடசாலையின் நிலையைக் கீழே எழுதுங்கள், பேசுவோம்.