சிலந்தி மனிதனும் 1933-ஆம் ஆண்டும்

சித்திரக்கதை என்றதும் அதைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் ஒரு சித்திரக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றையும் படிக்கலாம். எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

ஸ்பைடர்மேன் என்னும் சிலந்தி மனிதன் 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவன். கதை எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவனைக் கடிக்கிறது; அவனுக்கு அளவற்ற ஆற்றல் வருகிறது. தனக்கென்ன என்று அவன் தப்பவிட்ட திருடனே அவனுடைய பெரியப்பா பென்னைக் கொன்றுவிடுகிறான். ஆற்றல் உள்ளவனுக்குப் பொறுப்பும் உண்டு என்பது அவன் கற்ற பாடம். அணுகுண்டு அச்சம் உலகை ஆட்டிய காலத்தின் கதை அது.

இதே வீரனை முப்பது ஆண்டு பின்னோக்கிக் கொண்டுபோனால் என்ன ஆகும்? மார்வெல் நிறுவனம் 2008-09-இல் 'ஸ்பைடர்மேன் நுவார்' என்ற கதையில் இதைச் செய்து பார்த்தது. நுவார் என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. நிழலும் குற்றமும் நிறைந்த துப்பறியும் கதைகளுக்கு அது பெயராயிற்று. டேவிட் ஹைன், ஃபாப்ரிஸ் சபோல்ஸ்கி இருவரும் எழுதிய இக்கதை, 1933 ஜனவரியில் நியூயார்க் நகரில் தொடங்குகிறது.

ஏன் அந்த ஆண்டு? 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவிலேயே வீடிழந்தோர் குடிசை போட்டனர். 1920 முதல் நீடித்த மதுவிலக்கினால் கள்ளச்சாராயக் கும்பல்கள் கொழுத்திருந்தன. ஊழல் விசாரணையில் சிக்கிய மேயர் ஜிம்மி வாக்கர் 1932 செப்டம்பரில் பதவி விலகியிருந்தார். தேர்தலில் வென்ற ரூஸ்வெல்ட் மார்ச் 4-ஆம் தேதிதான் பதவியேற்றார். பழைய ஆட்சி ஓய்ந்து, புதிய ஆட்சி வராத குளிர்காலம் அது. ரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டதும் இதே நெருக்கடியில்தான் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ளலாம்.

காலம் மாறியதும் கதையின் உறுப்புகள் எல்லாம் மாறுகின்றன. அணு ஆய்வுக்கூடத்துச் சிலந்திக்கு அங்கே இடமில்லை. கடத்திவரப்பட்ட பழஞ்சிலை ஒன்றிலிருந்து சிலந்திகள் வெளிவருகின்றன. சிவப்பும் நீலமுமான உடை போய், முதல் உலகப் போர் விமானியின் முகமூடியும் கண்ணாடியும் வருகின்றன. கையில் துப்பாக்கியும் ஏறுகிறது. பெரியப்பாவைக் கொல்வது தெருத் திருடனல்ல. தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்ததால் ஒரு குண்டர் தலைவனின் ஆட்கள் கொல்கிறார்கள். உண்மையை வெளியிட வேண்டிய பத்திரிகையாளரோ பணம் வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்கிறார்.

இந்த முகமூடித் துப்பாக்கி வீரன் புதுக் கற்பனையும் அல்லன். 1930-இல் வானொலிக் குரலாகப் பிறந்து, 1931-இல் மலிவு விலைப் பத்திரிகையின் நாயகனான 'தி ஷேடோ' அவனுக்கு முன்னோடி. 1938-இல் சூப்பர்மேனும் 1939-இல் பேட்மேனும் வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, இந்தக் கதை வீரனைத் தன் பாட்டன்மாரின் வீட்டுக்கே அழைத்துச் செல்கிறது எனலாம்.

ஆனால் கதையின் உயிர் உடையில் இல்லை. காவலரும் மேயரும் விலைபோன நகரத்தில், பொறுப்பு என்பதன் பொருள் என்ன? பெரியம்மா மேயைக் காப்பாற்ற, கொலைகாரன் ஒருவனைப் பீட்டர் சுட்டுக் கொல்கிறான். காப்பாற்றப்பட்ட பெரியம்மாவோ நன்றி சொல்லவில்லை. கொலையை ஏற்றால் நாமும் மனிதத் தன்மையை இழப்போம் என்று கண்டிக்கிறார். கணவரைப் பறிகொடுத்தவரே இப்படிச் சொல்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1962-இல் எளிதாகத் தோன்றிய பாடம் 1933-இல் கடினமாகிவிடுகிறது. பசியும் ஊழலும் மிகுந்த காலத்தில் நல்லவனாக இருப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை, ஆண்டுகளின் பட்டியலைவிட இத்தகைய கதை தெளிவாக உணர்த்துகிறது. உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை சித்திரக்கதை புரட்டும்போது, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியே வரலாற்றுப் பாடத்தின் தொடக்கமாகலாம்.