வானில் தனித்துப் போரிட்ட வீரர்



போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்துப் போற்றுதல் நம் முன்னோர் வழக்கம். உடலே கிடைக்காத வீரனை நாம் எவ்வாறு போற்றுவது? இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் நிர்மல் ஜித் சிங் சேகோன்.

பஞ்சாபில் லூதியானாவை அடுத்த இசேவால் என்னும் சிற்றூரினர் அவர். 1967-ஆம் ஆண்டில் விமானப்படை அதிகாரியானார். 1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது, ஸ்ரீநகரைக் காக்கும் நாட் விமானப் பிரிவில் பணியாற்றினார். பள்ளத்தாக்கில் போர் விமானங்களை நிறுத்துவதில்லை என்ற உடன்பாடு முன்னர் இருந்தமையால், காஷ்மீரத்தின் மலைகளும் கடுங்குளிரும் அப்பிரிவினருக்குப் புதியவை.

டிசம்பர் 14 அன்று, பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானதளத்தைத் தாக்கின. குண்டுகள் விழும் ஓடுபாதையிலிருந்து எழும்புவது சாவை எதிர்கொண்டு அழைப்பதற்கு ஒப்பாகும். முன்சென்ற விமானம் கிளப்பிய புழுதி சற்றே அடங்கியதும் சேகோன் எழும்பினார். தலைவரின் விமானத்தோடு அவர் சேர இயலவில்லை. எனினும் பின்வாங்கினாரல்லர். மரங்களின் உச்சியளவு தாழ்வில், பலரைத் தனித்து எதிர்த்தார். இறுதியில் அவருடைய விமானம் வீழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை.

அவர் ஒரு சேபரைத் தாக்கி, மற்றொன்றில் தீப்பற்றச் செய்தார் என்கிறது விருதுரை. எதிர்த்தரப்பு இக்கணக்கை ஏற்பதில்லை. வரலாறு பயில்வோர் இரண்டையும் அறிதல் வேண்டும். ஆயினும் ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. அவரை வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பேக் மிர்ஸாவே, பின்னாளில் அவருடைய திறனைப் பாராட்டி எழுதினார். பகைவனும் மறுக்க இயலாத புகழன்றோ மெய்யான புகழ்?

அவர் மறைந்த இரண்டாம் நாள், டிசம்பர் 16-இல், டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அவ்வெற்றியைக் காண அவர் இல்லை. நாடு அவருக்குப் பரம வீர சக்கரம் அளித்தது. விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2000-இல் அவர் உருவம் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2023-இல் அந்தமான் தீவொன்று அவர் பெயர் பெற்றது.

இவையெல்லாம் இக்கால நடுகற்கள். ஆயினும் கல்லில் பொறித்த எழுத்தைப் படிப்பார் இல்லையேல் கல் வெறுங்கல்லே. அவர் செயலை உள்ளவாறு அறிந்து, மிகைபடக் கூறாது, அடுத்தவர்க்கு எடுத்துரைப்பதே நாம் செலுத்தத்தக்க அஞ்சலி என்பேன்.