தரைச் சிலந்திகள்: புதிய சிற்றினங்களை விவரித்தல்

நாஃபோசிடே குடும்பத்தைச் சேர்ந்த தரைச் சிலந்திகள் வலை கட்டி இரைக்காகக் காத்திருப்பதில்லை. பெரும்பாலும் இரவில் தரையில் ஓடி வேட்டையாடுகின்றன. இதுவரை 2,400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பல இனங்கள் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒன்றுபோலவே இருப்பதால், நிறத்தை நம்பிப் பெயரிட முடியாது. ஆணின் முகத்தருகே உள்ள உணர்கால்களின் நுனியையும், பெண்ணின் வயிற்றடியிலுள்ள இனப்பெருக்கத் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து ஒப்பிட வேண்டும். மண்ணில் புதைக்கும் கிண்ணப் பொறிகளில் பெண்ணைத் தேடி அலையும் ஆண்களே அதிகம் விழும். இதனால் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் தனித்தனியே விவரிக்கப்பட்டு வெவ்வேறு பெயர்கள் பெற்றதுண்டு. அவற்றை ஒன்றுசேர்ப்பது புதிய இனத்தைக் கண்டறிவதற்குச் சற்றும் குறையாத பணி. அமெரிக்க இனங்களைச் சிலந்தி ஆய்வாளர்கள் நார்மன் பிளாட்னிக், முகமது ஷதாப் இருவரும் 1970, 80-களில் விரிவாகத் திருத்தி எழுதினர். இந்திய இனங்களுக்கு பி. கே. டிக்காதரின் 1982-ஆம் ஆண்டு நூல் அடிப்படை.